ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துப்பாக்கிக்குப் பயந்ததில்லை. தராசுக்குத்தான் பயந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் அவர் இருப்பார்.

போடிநாயக்கனூரில் அந்தக் காலத்தில் ஒரு ரைபிள் கிளப் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. காலியாகக் கிடந்த ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் இருந்தது. தாங்கள் சுடாத காட்டுப்பன்றிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே சீட்டாடுவதற்காக எஸ்டேட் முதலாளிகள் தொடங்கிய இடம் அது. எழுபதுகளின் நடுவில் அவர்களில் யாருக்கோ ஞானம் பிறந்து, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருஷந்தோறும் ஏர் ரைபிள் போட்டி என்று ஆரம்பித்தார்கள். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அட்டையின் நடுவே கறுப்பு வட்டம். நாற்பது ஈயக் குண்டு. ஒன்றுக்கு அதிகபட்சம் பத்துப் புள்ளி, ஆக நானூறு. அட்டையில் விழுந்த ஓட்டைகளை எண்ணிப் புள்ளி போடும் வேலை எனக்கு. துப்பாக்கி, சட்டை, பெல்ட், பூட்ஸ் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை அவருக்கு. என் வேலை சுட்ட பிறகு தொடங்கும். அவருடைய வேலை பல சமயம், ஒருவரையும் சுட விடாமலேயே முடிந்துவிடும்.

பிழைப்புக்கு அவர் ஏலக்காய் மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை. ஒல்லியான உடம்பு, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, சட்டைப் பையில் மடக்கு அளவுகோல், ஒரு சின்னக் கத்தரி. கக்கத்தில் விதிப் புத்தகம். ஆங்கில விதி நூல் ஒன்றை எங்கிருந்தோ தருவித்து, அவரே தமிழில் எழுதி, நூல் போட்டுத் தைத்துக்கொண்டது. எழுதும்போது மூலத்தில் விட்டுப்போன சங்கதிகளையும் கையோடு சேர்த்துக்கொண்டார். அதனால் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட ஒன்றரை மடங்கு தடிமன்.

"சுடுறது நீ. செல்லுமா செல்லாதான்னு சொல்றது புத்தகம்" என்பார். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவர் செய்கிற ஆசீர்வாதம் இது.

அவர் தன் வாழ்நாளில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு வலது கண்ணு கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கு அண்ணே. அட்டைக்கும் கண்ணுக்கும் தூரம் கொறையும். மத்தவங்களுக்கு அது அநியாயம்ல" என்றார். வேடிக்கை பேசுகிறவர் இல்லை அவர். நான் சிரித்ததை அவர் குறித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

போடிமெட்டு ஏற்றத்தில் இருக்கிற ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பையன் முதல் ஜீப்பைப் பிடித்து இறங்கி வந்தான். மலையில் அடைமழை. இவர் அவனைத் தன் பக்கம் கூப்பிட்டார்.

"எத்தன சட்டை போட்டிருக்க?"

"ஒண்ணுதான் சார்."

"எண்ணு."

பையன் பொத்தானைக் கழற்றிக் கழற்றி எண்ணினான். மூன்று சட்டை, அடியில் ஒரு ஸ்வெட்டர். சட்டை தடிமனாக இருந்தால் உடம்பு ஆடாது, ஆடாவிட்டால் குறி தப்பாது, ஆகவே தடிமனுக்கு ஒரு வரம்பு உண்டு என்பது விதி. நியாயமான விதிதான்.

"குளுருது சார்."

"குளுருக்கு விதி கெடையாது அப்பு. சட்டைக்கு இருக்கு. கழட்டு."

பையன் ஒற்றைச் சட்டையோடு நின்று நடுங்கினான். நடுக்கத்தில் ஒரு குண்டு பக்கத்துப் பையனின் அட்டையில் போய், அதுவும் நட்ட நடுவில், பத்தில் விழுந்தது. அந்தப் பத்து யாருக்குச் சேரும் என்பதைப் பற்றி இவர் ஒரு வாரம் யோசித்தார். அதற்குள் இரண்டு பையன்களும் கிளப்பை விட்டு நின்றுவிட்டார்கள். பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது.

கிளப்பில்தான் இப்படி, வெளியே சாதாரண மனிதர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அவரும் டவுன் பஸ்சில் திரும்பினோம். முகூர்த்த நாள். படிக்கட்டில் பழக்குலை மாதிரி ஆட்கள். உள்ளே எழுதியிருந்த ஆள் கணக்கை அவர் படித்தார். தலைகளை எண்ணினார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"கூடுதலா ஏத்தியிருக்கீங்க."

"ஆமாண்ணே. என்ன செய்யச் சொல்றீங்க? யாரை எறக்க?"

"கடைசியா ஏறுனவங்கள."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "கடைசியா ஏறுனது நீங்கதாண்ணே."

பஸ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கினார். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் கடைசியாக ஏறியவன் நான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தாராளமாகக் கையசைத்தேன்.

கிளப் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. அதில் போட்டிகளில் சுட்ட எல்லோருடைய புள்ளிகளும் வெள்ளைச் சுண்ணத்தில் எழுதியிருக்கும். உச்சியில், சங்கத்தின் சாதனையாக, முந்நூற்று எழுபத்தொன்று, எழுபத்தாறாம் வருஷத்துப் போட்டியில் எடுத்தது. அதை எடுத்தவன் அவருடைய மகன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் மதுரைக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்துத் திண்டுக்கல்லில் உத்தியோகத்துக்கும் போய்விட்டான். தினமும் கிளப்புக்கு வந்ததும் அவர் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பெருமை என்று சொல்ல முடியாது. எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது போல இருக்கும். ஆனால் சரிபார்க்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குரங்கணியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஜீப் டிரைவர் ஒருவரின் மகள். அவளுக்கு இடது கண்ணை மட்டும் தனியாக மூட வராது. அதனால் ஏலச்செடித் தோகையில் ஒரு துண்டு கிழித்து, தலையில் கட்டிய நாடாவில் செருகி, இடது கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு சுடுவாள். இவர் அளவுகோலை எடுத்தார்.

"நாலு சென்டிமீட்டர் இருக்கு. மூணுதான் அனுமதி."

"பச்ச எல சார். வாடுனா சுருங்கிரும்."

"அப்ப வாடுனப்பறம் வா."

அவள் அசையவில்லை. "கத்தரி ஒங்க பையிலதான இருக்கு? கொண்டாங்க" என்று வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே ஓரத்தை நறுக்கினாள். "இப்ப அளங்க." அளந்தார். மூன்று. அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். கத்தரியைக் கேட்டு வாங்கி விதிக்குக் கட்டுப்படுகிறவர்களை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவளும் மதுரைக் கல்லூரிக்கு ஆசைப்பட்டாள். பரீட்சை மார்க் போதவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் பாக்கி இருக்கிறது, ஏதாவது ஒரு சங்கத்தின் சாதனைச் சான்றிதழ் கொண்டுவந்தால் தருகிறோம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ஆக, அவள் முந்நூற்று எழுபத்தொன்றைத் தாண்டினால் கல்லூரி. தாண்டாவிட்டால் மறுபடியும் ஏலக்காய் பொறுக்கும் கொட்டகை. கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த வருஷப் போட்டியில் அவள் முந்நூற்று எழுபத்து நான்கு எடுத்தாள். நான் இரண்டு தடவை எண்ணினேன். ஜீப் டிரைவர் கிட்டங்கி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஆனால் விதிப்படி, சாதனைப் புள்ளி எடுத்த துப்பாக்கியைப் போட்டி முடிந்ததும் நிறுத்தாக வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வழக்கமாகத் துப்பாக்கியை அவர் வேலை பார்க்கும் மண்டிக்குக் கொண்டுபோய் நிறுப்போம். அன்று மண்டியில் ஏலம், தராசு கிடைக்கவில்லை. கிளப் தலைவரான எஸ்டேட் முதலாளி, முள் ஓடுகிற புதுத் தராசு ஒன்றை அன்பளிப்பாகத் தன் ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கினார். அதன் முதல் சோலியே இதுதான். துப்பாக்கியை வைத்தார்கள். முள் ஐந்தைத் தாண்டி இன்னும் இருநூறு கிராம் ஓடி நின்றது.

"செல்லாது" என்றார் அவர்.

அதன் பிறகு நடந்த கூச்சலை நான் முழுதாக எழுதப் போவதில்லை. பாதி வார்த்தைகள் அச்சுக்கு ஆகாதவை. சாராம்சம் ஒன்றுதான்: மகன் சாதனையைக் காப்பாற்ற அப்பன் செய்கிற வேலை. தலைவர் அவரைத் தனியே இழுத்துப்போய், "மாப்ளே, இருநூறு கிராமு. ஒரு வெங்காயம், ரெண்டு தக்காளி. விட்டுத் தொலைய்யா" என்றார்.

"வெங்காயத்துக்கும் எடை உண்டு" என்றார் இவர்.

ஜீப் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "அண்ணே, கெளப்புல இருக்கிறது ஒரே ஒரு நல்ல துப்பாக்கி. இதே துப்பாக்கியிலதான ஒங்க மகனும் சுட்டான்? அன்னைக்கு அஞ்சுக்குள்ள இருந்தது, இன்னைக்கு எப்புடிக் கூடுச்சு? துப்பாக்கி என்ன, சோறு திங்குதா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கேள்வி நியாயமானது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "புதுத் தராசு தப்பா இருக்கலாம். பழைய தராசுல, பழைய முறைப்படியே நிறுத்துக் காட்டுறேன். எல்லாரும் வாங்க" என்று துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்கு நடந்தார். ஊரே பின்னால் போனது. புரட்சி என்று நினைத்து இரண்டு கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

மண்டியில் ஏலம் முடிந்திருந்தது. துப்பாக்கியில் கீறல் விழாமல் இருக்கத் தட்டில் வெறுஞ்சாக்கு ஒன்றை விரித்தார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். நிறுவைக்காரர், சாக்கின் எடைக்கு ஈடாக எதிர்த்தட்டில் ஒரு கல்லைக் கட்டினார். துப்பாக்கியை வைத்து, கற்களை ஏற்றி இறக்கி, "அஞ்சே இருநூறு" என்று சொன்னார்.

இவர் முன்பக்கம், தன் வழக்கமான மேசையில், வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டைக்கு மூட்டை சொல்லிச் சொல்லிப் பழகிய அதே ராகத்தில், "அஞ்சே இருநூறு. சாக்குக் கழிவு அரைக் கிலோ போக, நாலு எழு..." என்று தொடங்கியவர், அப்படியே நின்றார்.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். எதிர்த்தட்டில் கல் தொங்கியது.

"இந்தக் கல்லு எதுக்கு?"

"சாக்குக்கு. சாக்கு விரிச்சா நான் எப்பவுமே கட்டுறதுதான" என்றார் நிறுவைக்காரர்.

ஏலக்காய் மூட்டைக்கு யாரும் கல் கட்டுவதில்லை. கணக்கில்தான் கழிப்பார்கள். துப்பாக்கிக்குச் சாக்கு விரித்தபோது பின்பக்கம் இருந்தவர் கல்லைக் கட்டிக் கழித்தார். முன்பக்கம் இருந்தவர் பழக்கதோஷத்தில் எழுத்தில் கழித்தார். ஒரே சாக்கை ஆளுக்கொரு முறை, இத்தனை வருஷமாக. துப்பாக்கி அன்றும் ஐந்து கிலோ இருநூறுதான். மகன் சுட்டபோதும் ஐந்து கிலோ இருநூறுதான்.

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தலைவர்தான் முந்திக்கொண்டார்: "சரி, ஆனது ஆச்சு. மகன் ரெக்கார்டும் இருக்கட்டும், இந்தப் புள்ள ரெக்கார்டும் இருக்கட்டும். வெளியில யாருக்கும் தெரியவா போகுது?" நூற்றுக்கணக்கான பேர் கேட்டுக்கொண்டிருக்கையில் அவர் இதை ரகசியக் குரலில் சொன்னார்.

"அந்தத் துப்பாக்கியில சுட்ட எதுவும் செல்லாது" என்றார் இவர்.  கிளப்புக்குத் திரும்பி நடந்தார். துணியை நனைத்தார். பலகையின் உச்சியிலிருந்து தானே துடைத்துக்கொண்டு வந்தார். மகனுடைய வரியை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தார்.

துடைத்து முடித்தபோது பலகையில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. கிளப் துப்பாக்கியைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுச் சாமான் போன்ற ஒன்றால் சுட்டவனின் வரி: இருநூற்றுப் பதினொன்று. அந்த வருஷம் அவன்தான் கடைசி. அவன் தலைவரின் மகன்.

தலைவர் பலகையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுப் பாத்தா, விதின்னா விதிதான்" என்றார். "மாப்ளே சொல்றதுல ஒரு நாயம் இருக்கு." மறுநாள் கிளப்பில் எல்லோருக்கும் மைசூர்பாகு.

அன்றே இவர் தன் மகனுக்குக் கடிதம் போட்டார், சான்றிதழ் இனிச் செல்லாது என்று. 'அப்படியென்றால் பட்டத்தைக் கல்லூரியில் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?' என்று மகன் கேலியாகப் பதில் எழுதினான். இவர் அதை என்னிடம் காட்டி, "நல்ல கேள்வி கேட்டிருக்கான் பாருங்க. புத்தகத்துல இதுக்கு எடமில்ல" என்று கவலைப்பட்டார்.

ஜீப் டிரைவர் மகளுக்கு ஒரு வழி பாக்கி இருந்தது. துப்பாக்கிக் கட்டையின் அடிப்பட்டையைக் கழற்றிப் பார்த்ததில், கை ஆடாமல் இருக்க எவரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ உள்ளே ஈயம் ஊற்றி வைத்திருந்தது தெரிந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் எடை ஐந்துக்குள் வந்துவிட்டது. மறுபோட்டி வைக்கலாம். கல்லூரி மனுவுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு எடுத்தால்கூடப் போதும், அவள்தான் சாதனை.

அப்போதுதான் இவர் புத்தகத்தைப் புரட்டினார். தவறாக நிறுத்துத் தகுதியளித்த பரிசோதகர் ஒரு வருஷத்துக்குப் போட்டிக்கூடத்துக்குள் நுழையக் கூடாது. போட்டி சம்பந்தமான எதையும் பார்க்கவோ, கேட்கவோ கூடாது. மூல நூலில் இப்படி ஒன்று கிடையாது. அவரே சேர்த்துக்கொண்ட சங்கதிகளில் ஒன்று. புத்தகத்தை என் கையில் கொடுத்து, "இனிமே நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"அண்ணே, எழுதுனதே நீங்கதான. ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க" என்றேன்.

"தடையில இருக்கிறவன் புத்தகத்தைத் தொடக் கூடாது."

மறுபோட்டி நடந்தபோது சாரல். அவர் எதிர்ச்சாரியில் சோடாக் கடைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். முதல் குண்டு 'டப்' என்று அட்டையில் விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டதும் திடுக்கிட்டு நாலு கடை தள்ளிப் போனார். அங்கும் கேட்டது போலிருக்கிறது. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார்.

அவள் முந்நூற்று எழுபத்திரண்டு எடுத்தாள். துடைத்துப் போட்ட எழுபத்தொன்றைவிட ஒன்று கூட. எடை, சட்டை, தோகை எல்லாவற்றையும் நானே அளந்தேன். மூன்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டோம். மைசூர்பாகு வாங்கிய தலைவர் மட்டும், அந்தச் சாதனையாவது நாலு நாள் நின்றிருக்கலாம் என்று வருந்தினார்.

பலகையில் எழுதி முடித்ததும் அவள் எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "அவருக்கு யாரும் புள்ளியச் சொல்லக் கூடாது. கேட்டா உள்ள வந்து பாக்கச் சொல்லுங்க." முந்நூற்று எழுபத்து நான்கைத் துடைத்தவர் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். ஊருக்கு அது பிடித்துப்போனது. டீக்கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நிற்கும். "ஒரு புள்ளியிலதான்..." என்று யாராவது ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவள் ஜெயித்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும், கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதே. எத்தனை என்பது தெரியாது. மகனைத் தாண்டினாளா என்பது தெரியாது. ஒருநாள் என்னோடு பலசரக்குக் கடை வரை நடந்து வந்தவர், ஏதோ கேட்க வாயெடுத்து, "வெரசா நடங்க, மழ வரப்போகுது" என்று முடித்துக்கொண்டார்.

அவள் மதுரைக்குக் கிளம்பிய அன்று ரயில் நிலையத்துக்கு அவரும் வந்தார். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியிருந்தார். வழியனுப்ப வந்த கூட்டத்தில் அதை வாங்கியவர் அவர் ஒருவர்தான். டிக்கெட் கொடுக்கிறவர் அதைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டதாம். ரயிலின் ஜன்னலோரம் அவள். கீழே நாங்கள்.

ஜீப் டிரைவர் மகளிடம் கெஞ்சினார். "இப்பவாச்சும் சொல்லிரு ஆத்தா. பெரிய மனுசன், பாவம்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. "சொல்லவா சார்?"

 அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். கார்டின் விசில் கேட்டது. "வேணாம்மா" என்றார். "தடைக்கு இன்னும் நாளு இருக்கு."

"நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லாத."

ரயில் அசைந்தது. எங்கள் ஊர் ரயிலுக்கு அவசரம் தெரியாது, கூடவே நடக்கலாம். அவர் கூடவே நடந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "முந்நூத்தி எழுபத்தி ரெண்டு சார்! முந்நூத்தி எழுபத்தி ரெண்டு!"

அதற்குள் அவர் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். பொத்திய கையோடு, கண்ணில் நீர் வழிய, ரயிலோடு ஓடிக்கொண்டே அவளைவிடச் சத்தமாகக் கத்தினார்:

"தலைய உள்ள இழு! வெளிய நீட்டக் கூடாது!"